காது குளிர ஒரு கதகதப்பு

மின் கிட்டாரில் பிரிட்ஜ் பிக்கப்பை மாற்றுவது பெரிய வேலை இல்லை. தந்திகளைக் கழற்றி, திருகுகளை அவிழ்த்து, ஓரிரு கம்பிகளின் பற்றவைப்பை உருக்கி எடுத்துவிட்டு, புதியதை அந்த இடத்தில் வைத்து மறுபடி பற்றவைத்தால் முடிந்தது. அதைச் செய்கிறவர்கள் சொல்லும் காரணமும் பெரும்பாலும் ஒன்றேதான். பழைய பிக்கப்பின் ஒலி மெலிந்து, கூர்மையாகக் காதைக் குத்துகிறது. ராக் வாசிக்கக் கொஞ்சம் கதகதப்பான தொனி வேண்டும், அவர்கள் பேச்சில் 'வார்ம் டோன்'. இந்தச் சின்னக் காரியத்துக்குள் இந்திய மரபும் ஐரோப்பிய மரபும் நூற்றாண்டுக் கணக்கில் மல்லுக்கட்டிய கேள்வி ஒன்று கிடக்கிறது: குணம் எங்கே குடியிருக்கிறது? கதகதப்பை விலைகொடுத்து வாங்கிக் கிட்டாருக்குள் பொருத்தலாம் என்றால், அது அந்தச் செம்புச் சுருளுக்குள் முன்பே இருந்திருக்க வேண்டும். சுருளுக்குள் இல்லையென்றால், வாசிப்பவர் விரலிலா, கேட்பவர் மனத்திலா? என் துணிபு இது: அது எந்த உறுப்புக்குள்ளும் இல்லை, கேட்பவரின் கற்பனையும் இல்லை. பல பொருள்கள் ஒன்றையொன்று சார்ந்து நிற்கும்போது அது தோன்றுகிறது. அந்தச் சார்பு, காந்தத்தையும் கம்பியையும் போலவே உண்மையானது.

முதலில் பிக்கப் என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். காந்தத்தைச் சுற்றி, தலைமயிர் அளவே தடிமனுள்ள செம்புக் கம்பியைப் பல ஆயிரம் சுற்றுகள் சுற்றினால் அது பிக்கப். காந்தம் தனக்கு மேலே ஓடும் எஃகுத் தந்தியையும் சிறிது காந்தமாக்குகிறது. தந்தி அதிரும்போது சுருளை ஊடுருவும் காந்தப்புலம் மாறுகிறது. மைக்கேல் ஃபாரடே 1831இல் கண்டறிந்த விதிப்படி சுருளில் மின்னழுத்தம் பிறக்கிறது. ஆகவே பிக்கப் நம் காதைப் போலக் காற்றைக் கேட்பதில்லை. தனக்கு நேர்மேலே உள்ள துண்டுத் தந்தியின் அசைவை மட்டும் அறிகிறது. அந்தத் துண்டு எது என்பதில்தான் கூர்மையின் காரணம் இருக்கிறது. ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகைக் கிட்டாரில் அதிரும் தந்தியின் நீளம் சுமார் 648 மில்லிமீட்டர். பிரிட்ஜ் பிக்கப், தந்தியைத் தாங்கும் பிரிட்ஜிலிருந்து ஏறத்தாழ 4 சென்டிமீட்டர் தள்ளி, அதாவது நீளத்தில் 16இல் ஒரு பங்கில் இருக்கிறது. விரல் வைக்காத தந்தியில், அடிப்படைச் சுரம் தந்தியின் நடுவில் எவ்வளவு ஆடுகிறதோ அதில் ஐந்தில் ஒரு பங்குதான் இந்த இடத்தில் ஆடும். எட்டாவது மேற்சுரமோ இங்கே தன் முழு வீச்சில் ஆடும். அடிநாதம் குறைந்து மேற்சுரங்கள் மிகுந்து வருவதால் காதைக் குத்துகிறது. எவ்வளவு விலையுயர்ந்த பிக்கப்பை வாங்கினாலும் இடம் மாறப்போவதில்லை.

அப்படியானால் புதிய பிக்கப் எதை மாற்றுகிறது? சுருளுக்கு மின்தூண்டல் என்ற பண்பு உண்டு. கிட்டாரிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்குப் போகும் கேபிளுக்கு மின்தேக்கு திறன் உண்டு. இரண்டும் சேர்ந்து ஒரு மதகுபோல வேலைசெய்கின்றன. குறிப்பிட்ட ஓர் அதிர்வெண்ணில் ஒலி மேலெழுந்து நிற்கும். அதற்கு மேற்பட்டவை வேகமாகத் தேய்ந்துவிடும். சுற்றுகளைக் கூட்டினால் தூண்டல் கூடும், மதகு கீழிறங்கும், குத்தும் மேற்சுரங்கள் அடைபடும். நாம் கதகதப்பு என்று பெயரிட்டு மகிழ்வதன் பெரும்பகுதி இந்த இழப்பு. தந்தியில் இல்லாத எதையும் பிக்கப் கொண்டுவந்து சேர்க்கவில்லை. சுற்றுகள் கூடினால் மின்னழுத்தமும் கூடுகிறது, உண்மைதான். ஆனால் அந்தக் கூடுதல் அழுத்தம் ராக் ஒலியாக மாறுவது ஆம்ப்ளிஃபயரின் வால்வுகள் அதைத் தாங்காமல் நெரிந்து புதிய அதிர்வெண்களைக் கிளப்பும்போதுதான். அந்தப் பகுதிக்குப் பிக்கப் மட்டும் உரிமை கொண்டாட முடியாது.

ஹம்பக்கரின் வரலாறு இதை இன்னும் தெளிவாகக் காட்டுகிறது. ராக் இசையில் கதகதப்புக்கு இலக்கணமாகச் சொல்லப்படும் ஹம்பக்கரை 1955இல் வடிவமைத்தவர் சேத் லவர். மிச்சிகன் மாநிலத்தின் கலமசூ நகரில் இருந்த கிப்சன் நிறுவனத்தின் பொறியாளர். கதகதப்பு அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலை இல்லை. ஒற்றைச் சுருள் பிக்கப், விளக்குகளும் டிரான்ஸ்ஃபார்மர்களும் கிளப்பும் 60 ஹெர்ட்ஸ் மின்சார இரைச்சலையும் பிடித்துக்கொள்கிறது. அதை ஒழிக்க வேண்டும். இரண்டு சுருள்களை எதிரெதிர்த் திசையில் இணைத்து, காந்த முனைகளையும் எதிரெதிராக வைத்தார். வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டிலும் எதிர்மாறாகப் பிறந்து ஒன்றையொன்று அழித்துக்கொண்டது. தந்தியின் அதிர்வு மட்டும் கூடி வந்தது. அதோடு, இரண்டு சுருள்கள் தொடராக இணைந்ததால் தூண்டல் கூடியது. தந்தியின் அகலமான பகுதியை ஒரே நேரத்தில் அறிவதால் மிக உயர்ந்த மேற்சுரங்கள் தங்களுக்குள்ளேயே கழிந்தன. உலகம் தேடி அலையும் அந்த மென்மை, இரைச்சலை விரட்டிய வேலையின் பக்க விளைவு. 1957 முதல் 'பேட்டன்ட் அப்ளைட் ஃபார்' என்ற ஒட்டுத்தாளுடன் வந்த அந்தப் பிக்கப்புகளில் சுற்றுகளின் எண்ணிக்கைகூட ஒரே சீராக இல்லை. காந்தக் கலவையும் ஒன்றுக்கொன்று வேறுபட்டது. வைத்தவர் என்று ஒருவரைச் சுட்ட முடியாத, வரையறுத்த அளவும் இல்லாத ஒரு குணத்தை, அந்தப் பொருளின் உள்ளுறை சாரம் என்று எப்படிச் சொல்வது?

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. தந்தி, மரம், கேபிள், ஆம்ப்ளிஃபயர், கை எல்லாம் அப்படியே இருக்கின்றன, பிக்கப் மட்டும் மாறியது, ஒலி மாறிவிட்டது. எனவே அந்தக் குணம் பிக்கப்பினுடையதுதானே? இந்த வாதம் வேறுபாட்டை உண்டாக்கியதையும் குணத்தைத் தாங்குவதையும் ஒன்றாக எண்ணிவிடுகிறது. கொதிக்கும் குழம்பில் கடைசியாக உப்பைப் போட்டதும் ருசி வருகிறது. அதனால் குழம்பின் ருசி இத்தனை நேரம் உப்புஜாடியில் இருந்தது என்று யாரும் சொல்வதில்லை. கணக்காகவே பார்க்கலாம். 2.4 ஹென்றி தூண்டல் உள்ள ஒற்றைச் சுருளை, 600 பிக்கோஃபாரட் தேக்குதிறன் உள்ள ஏறத்தாழ 6 மீட்டர் கேபிளோடு இணைத்தால் மதகு சுமார் 4,200 ஹெர்ட்ஸில் நிற்கும். 8 ஹென்றி உள்ள தடித்த ஹம்பக்கரை அதே கேபிளில் பொருத்தினால் 2,300 ஹெர்ட்ஸுக்கு இறங்கும். கதகதப்பு பிக்கப்பில்தான் என்பவருக்கு இது போதும் என்று தோன்றும். இப்போது கேபிளைப் பாதியாக வெட்டுங்கள்: ஹம்பக்கரின் மதகு 3,250க்கு ஏறிவிடுகிறது. பழைய ஒற்றைச் சுருளையே வைத்துக்கொண்டு கேபிளின் நீளத்தை இரட்டிப்பாக்கினால் சுமார் 3,000க்கு இறங்குகிறது. பிக்கப்பைத் தொடாமலே அந்த ஹம்பக்கரைவிடக் கதகதப்பாக்கிவிட்டோம். வால்யூம் குமிழை 500 கிலோஓமிலிருந்து 250 கிலோஓமுக்கு மாற்றினாலும் உச்சி மழுங்கும். திருகைத் திருப்பிப் பிக்கப்பைத் தந்தியிலிருந்து கீழே இறக்கினாலும் தொனி மாறும். கடைக்காரர்கள் தொனியின் அளவுகோலாகக் காட்டும் மின்தடைகூட நிலையானதில்லை. 20 டிகிரியில் 8 கிலோஓம் காட்டும் செம்புச் சுருள், 35 டிகிரி வெயிலில் கிட்டத்தட்ட 8.5 காட்டும். 4,200 ஹெர்ட்ஸ் என்ற எண் பிக்கப்பிலும் எழுதியிருக்கவில்லை, கேபிளிலும் எழுதியிருக்கவில்லை. இரண்டும் சேர்ந்த இடத்தில்தான் அது இருக்கிறது.

இந்தியத் தத்துவ மரபுகளில் ஒன்றைச் சேர்ந்த வைசேஷிகர்கள் இந்தச் சிக்கலை முன்னரே கண்டவர்கள். குணம் தனியே நிற்காது, ஒரு பொருளைப் பற்றியே நிற்கும் என்பது அவர்கள் கொள்கை; பற்றி நிற்கும் அந்த உறவைச் சமவாயம் என்றார்கள். மணிமேகலையில், சமயக்கணக்கர்களின் கொள்கைகளை மணிமேகலை கேட்டறியும் காதையில் வைசேடிகவாதியும் பேசுகிறான். அங்கே சமவாயத்துக்குத் தமிழில் கிடைக்கும் சொல் 'கூட்டம்'. நிறமோ மணமோ ஒவ்வொரு பொருளிலும் தனித்தனியே குடியிருக்கிறது என்று சொல்லிவிட்டால் வேலை சுலபம். ஆனால் அவர்களே எண்ணி வைத்த 24 குணங்களில் சையோகம், அதாவது இரண்டு பொருள்கள் சேர்ந்திருப்பது, என்பதும் ஒன்று. அது ஒற்றைப் பொருளில் தங்க முடியாது. இரண்டிலும் ஒருசேரத் தங்குகிறது. ஒரு குணம் பல பொருள்களுக்குப் பொதுவாக இருக்க முடியும் என்று மிகக் கறாரான பொருள்வாதிகளே ஒப்புக்கொண்ட இடம் இது. கதகதப்பை நான் இந்த வகையில் வைக்கிறேன். சுருளும் கேபிளும் வால்வும் ஸ்பீக்கரும் சேரும் சேர்க்கையில் அது நிற்கிறது. ஒன்றைப் பிரித்தால் குறைந்த அளவில் எஞ்சியிருப்பதில்லை, வேறொன்றாகிவிடுகிறது.

அடுத்த மறுப்பு கிட்டார்காரர்களிடமிருந்தே வரும்: 'டோன் விரலில்தான் இருக்கிறது'. எட்டி வான் ஹேலன் 1970களில் ஸ்ட்ராட்டோகாஸ்டர் வடிவ மர உடலில், கிப்சன் கிட்டார் ஒன்றிலிருந்து எடுத்த ஹம்பக்கரைப் பிரிட்ஜ் பக்கம் பொருத்தித் தன் 'ஃபிராங்கன்ஸ்டைன்' கிட்டாரைச் செய்துகொண்டார். ஒன்றின் உடலும் மற்றொன்றின் கனமும் வேண்டும் என்பதே அவர் நோக்கம். 1978இல் வந்த முதல் இசைத்தட்டில் உலகம் அதைக் கேட்டது. 2007இல் ஃபெண்டர் நிறுவனம் கீறலும் சிகரெட் கருகலும் உட்பட அதை அப்படியே நகலெடுத்து, 300 கிட்டார்களை 25,000 டாலர் விலையில் வெளியிட்டது. நகலை வாங்கியவர்களுக்கு வான் ஹேலனின் ஒலி கூடவே வந்துவிடவில்லை. ஆகவே தொனி மனிதரிடம்தான் என்பது வாதம். பாதி வழி வரை இதை ஏற்கிறேன். தந்தியை எங்கே மீட்டுகிறார், எவ்வளவு அழுத்துகிறார் என்பது எந்தெந்த மேற்சுரங்கள் பிறக்கும் என்பதைத் தீர்மானிக்கிறது. பிறக்காத மேற்சுரத்தை எந்தப் பிக்கப்பும் காட்டாது. ஆனால் அதே விரல்களை நைலான் தந்திக் கிட்டாரில் வைத்தால் அந்தப் பிக்கப் அறவே கேட்காது. நைலான் காந்தத்துக்குக் கட்டுப்படுவதில்லை. வான் ஹேலனே மரத்தைக் குடைந்து, மெழுகில் பிக்கப்பை முக்கி, இத்தனை பாடுபட்டது விரல் மட்டும் போதாது என்று அறிந்ததால்தான். விரல் சேர்க்கையில் மிக முக்கியமான உறுப்பு. அதுவும் ஓர் உறுப்பு. சாரத்தைச் சுருளிலிருந்து பிடுங்கி மனிதருக்குள் நட்டால் பழைய பிழைக்கு இடம்தான் மாறும்.

கடினமான மறுப்பு மூன்றாவதாக வருவது. கதகதப்பு என்பதே ஓர் உருவகம். ஒலிக்கு வெப்பம் கிடையாது. காசு கொடுத்தவர் காதுக்குக் கதகதப்பாகத்தான் கேட்கும். ஆகவே எல்லாம் மனம். இதற்கு நம் மொழியிலேயே சான்று காட்டலாம். நமக்கு இனிய ஒலி வேண்டுமானால் 'காது குளிரக் கேட்டேன்' என்கிறோம். 'மனம் குளிர்ந்தது' என்கிறோம். சூடான பேச்சு என்றால் சண்டை. பனியில் நடுங்கி அடுப்பருகே ஒதுங்கிய நாட்டார் இதமான ஒலியைக் கதகதப்பு என்றார்கள். வெயிலில் வெந்து நிழல் தேடியவர்கள் அதே இதத்தைக் குளிர்ச்சி என்றார்கள். ஒரே ஒலியை வெப்பம் என்றும் குளிர் என்றும் சொல்லலாம் என்றால் அங்கே என்னதான் இருக்கிறது? இந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். விலையும் பெயரும் காதை ஏமாற்றும் என்பதற்கும் நல்ல சான்று உண்டு. கிளாடியா ஃப்ரிட்ஸும் உடன் ஆய்வாளர்களும் 2012இல் வெளியிட்ட சோதனையில், 21 வயலின் கலைஞர்கள் கண்ணை மறைக்கும் கண்ணாடி அணிந்து மங்கிய வெளிச்சத்தில் பழைய இத்தாலிய வயலின்களையும் புதியவற்றையும் வாசித்தார்கள். எது பழையது என்று அவர்களால் நம்பகமாகச் சொல்ல முடியவில்லை. பெரும்பாலோர் விரும்பி எடுத்ததும் புதியதையே.

ஆனால் அந்தச் சோதனை எதை வீழ்த்தியது என்று கூர்ந்து பார்க்க வேண்டும். பழமை என்ற சாரம் ஒலியில் தெரியும் என்ற நம்பிக்கையை அது வீழ்த்தியது. ஒலிகளுக்குள் வேறுபாடே இல்லை என்று அது காட்டவில்லை. வாசித்தவர்கள் ஒன்றை விரும்பினார்கள், ஒன்றை ஒதுக்கினார்கள், விலையும் வயதும் தெரியாமலே. உருவகத்துக்கும் அதே பதில். கதகதப்பு என்றவரும் குளிர்ச்சி என்றவரும் சுட்டுவது காதைக் குத்தாத ஒன்றை. மேற்சுரங்கள் தணிந்த ஒன்றை. பெயர் ஊருக்கு ஊர் மாறுகிறது, சுட்டப்படுவது மாறுவதில்லை. 17ஆம் நூற்றாண்டில் ஜான் லாக் சொன்ன எடுத்துக்காட்டு இங்கே பொருந்தும். ஒரே பாத்திரத்துத் தண்ணீர் ஒரு கைக்குச் சில்லென்றும் மறு கைக்குச் சூடாகவும் படலாம். லாக் இதிலிருந்து, வெப்பம் நாம் உணர்கிறபடி தண்ணீரில் இல்லை என்ற முடிவுக்குப் போனார். நான் வேறு பக்கம் போவேன். எந்தக் கை முன்பு எதில் இருந்தது என்று தெரிந்தால், எதற்குச் சில்லென்று படும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடலாம். முன்கூட்டிச் சொல்லக்கூடியதை, யாரும் தவறாகச் சொன்னால் திருத்தக்கூடியதை, வெறும் கற்பனை என்று ஒதுக்க முடியாது. கேட்பவரின் காதும் அவர் வளர்ந்த இசையும் சேர்க்கையின் உறுப்புகளே. அவை சேர்வதால் குணம் பொய்யாவதில்லை. சார்புகளில் ஒன்று கூடுகிறது, அவ்வளவுதான்.

கடைசியாகப் பௌத்தரோடு ஒரு கணக்கு இருக்கிறது. கிரேக்க வழியில் வந்த மிலிந்த மன்னனிடம் பௌத்தத் துறவி நாகசேனர் தேரைக் காட்டிக் கேட்டார்: அச்சு தேரா, சக்கரம் தேரா, நுகத்தடி தேரா? எதுவும் இல்லையென்றால் தேர் எங்கே? 'தேர்' வெறும் பெயர் என்றே இந்த உரையாடலைப் பலர் சுருக்கிச் சொல்கிறார்கள். எனக்கு அந்தச் சுருக்கம் உடன்பாடில்லை. வெறும் பெயர்தான் என்றால் பெயரை மாற்றித் தொனியையும் மாற்றிக்கொள்ளலாமே; பற்றவைக்கும் கோலை எடுத்துக்கொண்டு ஏன் உட்கார வேண்டும்? நாகசேனர் சொன்னதில் கனமான சொல் பெயர் இல்லை. உறுப்புகளைச் 'சார்ந்து' அந்தப் பெயர் வழங்குகிறது என்பது. மணிமேகலையின் இறுதிக் காதை விரிக்கும் பன்னிரு சார்புகளிலும் அதே சொல்தான் உயிர்நாடி. ஒன்று இருக்க மற்றொன்று தோன்றும். அது நீங்க இது நீங்கும். இல்லாததைப் பற்றி இப்படிப் பேச முடியாது. சாரம் இல்லை என்பதிலிருந்து ஒன்றுமே இல்லை என்பதற்குத் தாவ வேண்டியதில்லை. இவ்விரண்டுக்கும் நடுவே, அளக்கவும் கெடுக்கவும் திருத்தவும் கூடிய பெரிய நிலப்பரப்பு இருக்கிறது. நம் வாழ்வில் நாம் அருமையாகக் கருதுவதில் பெரும்பகுதி அந்த நிலத்தில்தான் விளைகிறது என்று நான் நம்புகிறேன்.

பகுதி ஒன்று போனால் பழைய முழுமை அழிந்து புதிய முழுமை பிறக்கிறது என்று நியாய வைசேஷிகர் துணிந்து சொன்னார்கள். அவர்கள் கணக்குப்படி, பிங்க் ஃபிளாய்டின் டேவிட் கில்மோர் 1970இல் நியூயார்க்கில் வாங்கிய கறுப்பு ஸ்ட்ராட்டோகாஸ்டர் பலமுறை செத்துப் பிறந்திருக்க வேண்டும். அதன் கழுத்து பலமுறை மாறியது; முகத்தட்டு மாறியது; ஒருகாலத்தில் ஹம்பக்கர் ஒன்று உள்ளே புகுந்து வெளியேறியது; பிரிட்ஜ் பிக்கப் மாறி, 1979இல் சீமோர் டங்கன் நிறுவனம் கூடுதல் சுற்றுகளோடு சுற்றித் தந்த பிக்கப் வந்தமர்ந்தது. 2019இல் கிறிஸ்டிஸ் ஏலத்தில் அது 39,75,000 டாலருக்குப் போனது. பணம் பருவநிலைக்காகப் போராடும் அறக்கட்டளைக்குச் சென்றது. ஏலம் கேட்டவர் வாங்கியது ஒரு தொனியை என்று சொன்னால் தவறு. வெறும் மரத்தை என்று சொன்னாலும் தவறு. அதே கிட்டார் 1980களின் நடுவிலிருந்து சுமார் பத்தாண்டு ஓர் அமெரிக்க உணவகத்தில் காட்சிப்பொருளாக இருந்தது. சுருள் அங்கே இருந்தது, காந்தம் இருந்தது, மரமும் இருந்தது. கேபிள் இல்லை, கை இல்லை. அத்தனை ஆண்டும் தொனி அதற்குள் ஒளிந்துகொண்டிருக்கவில்லை, தொலைந்துபோகவும் இல்லை. பிறகு அதை இறக்கி, பழுது பார்த்து, பாகங்கள் சிலவற்றை மாற்றினார்கள். 2005 ஜூலை 2ஆம் தேதி லண்டன் ஹைட் பார்க்கில், பல்லாண்டுகளுக்குப் பின் ஒன்றுசேர்ந்த பிங்க் ஃபிளாய்ட் நால்வரின் நடுவே கில்மோர் அதைத் தோளில் மாட்டி, கேபிளைச் செருகி, தந்தியை வளைத்தார்.